உங்களுக்குத் தெரியுமா? பரங்கிமலைத் தோமையார்

ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பென்னலூரில் பஸ் ஏறி, பூந்தமல்லி, போரூர் தாண்டிக் கத்திப்பாராவில் இறங்கினால் பரங்கிமலைக் குன்று தெரியும். கம்பெனிக்கும் கல்லூரிக்கும் போய்வருகிற எத்தனையோ பேர் அதைப் பார்த்தபடியே கடந்துபோகிறார்கள். இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான தோமையார் உயிர்விட்ட இடம் என்று நம்பி, கடல் கடந்தும் மக்கள் தேடிவரும் குன்று அது. இந்த முறை பகுதி முழுவதும் அவருக்கே.

✦ பென்னலூருக்கும் பரங்கிமலைக்கும் உள்ள உறவு ஒரு சாலையோடு முடிந்துவிடவில்லை. பரங்கிமலை ஸ்ரீபெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. இரண்டு ஊர்க்காரர்களும் ஓட்டுப் போடுவது ஒரே எம்.பி.க்கு. கத்தோலிக்கத் திருச்சபையின் கணக்கிலும் அப்படியே: சென்னை–மயிலை உயர்மறைமாவட்டத்திலிருந்து 2002இல் பிரிந்த செங்கல்பட்டு மறைமாவட்டத்தில்தான் இரண்டும் இருக்கின்றன. பூந்தமல்லியிலிருந்து கத்திப்பாரா வரும் சாலைக்கே மவுண்ட்–பூந்தமல்லி சாலை என்று பெயர். எம்.ஜி.ஆர். 1967இலும் 1971இலும் ஜெயித்த சட்டமன்றத் தொகுதியும் பரங்கிமலைதான்.

✦ தோமையார் என்றதும் 'சந்தேகப்பட்டவர்' என்றுதான் பலருக்கு நினைவு வரும். உயிர்த்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொன்னவர் அவர். அதே யோவான் நற்செய்தியில், அதற்கு முன்பே இன்னொரு இடம் உண்டு. லாசர் இறந்த செய்தி வருகிறது. இயேசு யூதேயாவுக்குத் திரும்பிப் போக நினைக்கிறார். அங்கேதான் கொஞ்ச நாள் முன்பு அவரைக் கல்லால் அடிக்கப் பார்த்தார்கள், சீடர்கள் தயங்குகிறார்கள். நாமும் போவோம், அவரோடு சேர்ந்து சாவோம் என்று முதலில் எழுந்தவர் தோமையார். இத்தனை துணிச்சல்காரரை ஒரு நாள் சந்தேகத்தை வைத்தே உலகம் அடையாளம் காண்பது நியாயமில்லை.

✦ கி.பி. 52இல் முசிறிப் பக்கம், இன்றைய கொடுங்கல்லூரில் அவர் கரையிறங்கினார் என்பது மரபு. 72இல் மறைசாட்சியாக இறந்தார் என்பதும் மரபு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கல்வெட்டோ ஏடோ இவற்றுக்கு ஆதாரமாக இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த நினைவு இது. அந்த நினைவு எங்கெங்கே, யார் யாருடைய கையில் தங்கியது என்பதுதான் நம்மை வியக்க வைக்கிறது.

✦ கேரளத்தில் அவர் நிறுவியவை ஏழரைப் பள்ளிகள் என்பார்கள். அந்த அரைப்பள்ளி இருப்பது தமிழ்நாட்டில்! கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே திருவிதாங்கோட்டில் இருக்கும் சிறிய தேவாலயம்தான் அது.

✦ அந்தக் காலத்தில் பாலஸ்தீனத்திலிருந்து ஒருவர் இங்கே வந்திருக்க முடியுமா? தாராளமாக. செங்கடல் துறைமுகமான மியோஸ் ஹோர்மோஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் புறப்பட்டன என்று, ஏறக்குறைய இயேசுவின் காலத்தில் வாழ்ந்த ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் யவனர் மரக்கலங்களை அகநானூற்றின் 149ஆம் பாட்டு முசிறியில் காட்டுகிறது. கரூரிலும் கோவைப் பக்கத்திலும் ரோமானியக் காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. வந்தார் என்பதை இவை நிரூபிக்கவில்லை. வர வழி இருந்தது என்பதை நிரூபிக்கின்றன.

✦ அவரைப் பற்றிய மிகப் பழைய கதைநூல் 'தோமாவின் பணிகள்'. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எதேசா நகர வட்டாரத்தில் சிரியாக் மொழியில் எழுதப்பட்டது என்பது அறிஞர்கள் கருத்து. அதில் வரும் தோமையார் ஒரு தச்சர். இந்தியாவுக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். ஹப்பான் என்ற வணிகனுக்கு இயேசுவே அவரை அடிமையாக விற்றுவிடுகிறார்! குண்டபார் என்ற அரசன் அரண்மனை கட்டச் சொல்லிப் பணத்தை அள்ளிக் கொடுக்கிறான். தோமையார் அத்தனையையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார். அரண்மனை எங்கே என்று அரசன் கேட்கிறான். கட்டியாயிற்று, ஆனால் இந்தப் பிறவியில் உங்கள் கண்ணுக்குத் தெரியாது என்கிறார். சிறைதான். அன்று இரவே அரசனின் தம்பி காத் இறந்துபோகிறான். விண்ணுலகில் அண்ணனுக்காக எழும்பியிருக்கும் மாளிகையைப் பார்க்கிறான். உயிர் திரும்பி வந்து, அந்த மாளிகையைத் தனக்கு விற்கும்படி அண்ணனிடம் கெஞ்சுகிறான். இந்தக் கதையால்தான் கட்டடக் கலைஞர்களுக்குத் தோமையார் பாதுகாவலர் ஆனார். ஐரோப்பிய ஓவியங்களில் அவர் கையில் மூலைமட்டம் இருப்பதும் இதனால்தான். தினம் ஒரு தொழிற்கூடம் எழும்பும் ஒரகடம் வட்டாரத்துக்கு இப்படி ஒரு கதை அக்கம்பக்கத்தில் இருப்பது நல்லது.

✦ குண்டபார் கற்பனை அரசன் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் காசுகள் கிடைத்தன. அவற்றில் கோண்டோபாரஸ் என்ற இந்தோ–பார்த்திய அரசனின் பெயர் இருந்தது. பெஷாவர் அருகே தக்த்-இ-பாஹியில் கிடைத்த கல்வெட்டு, 103ஆம் ஆண்டு என்றும் அவன் ஆட்சியின் 26ஆம் ஆண்டு என்றும் குறிக்கிறது. அந்த 103ஐ விக்கிரம ஆண்டாக எடுத்தால் கி.பி. 46 வாக்கில் வரும். கதை சொன்னவருக்கு உண்மையான ஓர் அரசனின் பெயர், அதுவும் சரியான காலத்து அரசனின் பெயர், எப்படியோ தெரிந்திருக்கிறது.

✦ எப்படி இறந்தார்? மூன்று விதமாகச் சொல்கிறார்கள். சிரியாக் நூலில், மஸ்தாய் என்ற அரசன் ஆணையிட, ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் நான்கு படைவீரர்கள் ஈட்டியால் குத்துகிறார்கள். குன்று வருகிறது, அவர் கல்லறை இருப்பதாக மரபு சொல்லும் மயிலாப்பூரின் பெயர் வரவில்லை. பரங்கிமலையில் சொல்லப்படும் மரபில், சிலுவைக்கு முன் மண்டியிட்டுச் செபித்துக்கொண்டிருந்தவரை ஒருவன் பின்னாலிருந்து ஈட்டியால் குத்திவிட்டான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ கேட்டுப்போன கதையோ வேறு. தோமையார் காட்டில் செபித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் மயில்கள். ஒரு வேடன் மயிலுக்குக் குறிவைத்து விட்ட அம்பு தவறி அவர் மேல் பாய்கிறது. அங்கே அவர் இருப்பதே அந்த வேடனுக்குத் தெரியாது.

இந்த மூன்றாவது கதையை நான் எளிதில் ஒதுக்கமாட்டேன். முதல் கதையில் ஓர் அரசன் குற்றவாளி. இரண்டாவதில் ஒரு கொலைகாரன். மூன்றாவதில் யாருமே குற்றவாளி இல்லை. பல சமயத்தாரும் கும்பிட்ட ஒரு கல்லறையைச் சுற்றிக் கூடி வாழ்ந்த மக்கள், ஒருவர் மேலும் பழி விழாத ஒரு கதையைத் தங்களுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

✦ அந்தக் கல்லறைக்குக் கிறிஸ்தவர்களோடு முஸ்லிம்களும் யாத்திரை வந்தார்கள் என்று எழுதியவரும் மார்க்கோ போலோதான். அவர் மகான், பெரியவர் என்று முஸ்லிம்களும் போற்றினார்களாம்.

✦ மண் பற்றி ஒரு செய்தி. சிரியாக் நூலின் முடிவில், தோமையாரின் கல்லறை மண்ணால் மஸ்தாய் அரசனின் மகன் நலம் பெறுகிறான். ஆயிரம் ஆண்டுகள் கழித்து வந்த மார்க்கோ போலோ, யாத்திரிகர்கள் அவர் இறந்த இடத்துச் செம்மண்ணை எடுத்துப்போய், காய்ச்சல்காரர்களுக்குத் தண்ணீரில் கலந்து கொடுத்ததாகச் சொல்கிறார். 1523இல் போர்த்துகீசியர் மயிலாப்பூர்க் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகளும் ஈட்டிமுனையும் கிடைத்தன. கூடவே மண் நிரப்பிய ஒரு கலமும் கிடைத்தது என்று பதிவு செய்திருக்கிறார்கள். நூல், பயணி, தோண்டியவர்கள் என மூன்று வெவ்வேறு காலத்துச் சாட்சிகளிலும் மண் வருகிறது.

இன்றும் ராமநாதபுரம் மாவட்டம் ஓரியூருக்குப் போகிறவர்கள் அங்கிருந்து செம்மண் எடுத்து வருகிறார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே தலை வெட்டப்பட்ட மறைசாட்சி அருளானந்தரின் இரத்தத்தால் சிவந்த மண் அது என்பது நம்பிக்கை.

✦ அணையா விளக்கு: ஆறாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு ஆயர் தூர் நகர கிரகோரி, தோமையாரின் உடல் முதலில் அடக்கம் செய்யப்பட்ட இந்தியத் தலத்தில் ஒரு மடமும் பெரிய கோயிலும் இருப்பதாகவும், அங்கே இரவு பகலாக ஒரு விளக்கு எரிவதாகவும் எழுதினார். நேரில் போய்வந்த தெயடோர் என்பவர் சொல்லக் கேட்டு எழுதியது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா மயிலாப்பூரைப் பற்றி எழுதும்போது கோயில் பாழடைந்து கிடக்கிறது. விளக்கு மட்டும் எரிகிறது. எரிய வைத்துக்கொண்டிருந்தவர் ஒரு முஸ்லிம் பக்கிரி. வருகிறவர்களிடம் தருமம் வாங்கி எண்ணெய் ஊற்றியிருக்கிறார். அவர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. என் கையில் இருந்தால், அந்தக் கல்லறைக் கோயிலான சாந்தோமின் வரலாற்றில் முதல் பக்கத்தை அவருக்குக் கொடுப்பேன்.

✦ இங்கிலாந்தின் ஆல்பிரட் மன்னர் 883இல் இந்தியாவில் உள்ள தோமையாருக்கும் பர்த்தலமேயுவுக்கும் காணிக்கை கொடுத்தனுப்பினார் என்கிறது ஆங்கிலோ–சாக்சன் ஆண்டேடு. சிகெல்ம், அத்தல்ஸ்தான் என்ற இருவர் கொண்டு போனார்களாம். கிழக்கிந்தியக் கம்பெனி பிறப்பதற்கு 700 ஆண்டுகளுக்கு முன்பு!

✦ 1291 வாக்கில் சீனாவுக்குப் போகும் வழியில் பிரான்சிஸ்கன் துறவி மொந்தேகோர்வினோ யோவான் இந்தியாவில் 13 மாதங்கள் தங்கினார். கூட வந்த பிஸ்தோயா நிக்கோலாஸ் இங்கேயே இறந்தார். தோமையார் கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள்.

✦ எலும்புகள் எங்கே? பெரும்பகுதி இங்கில்லை. பழங்காலத்திலேயே எதேசாவுக்கு, அதாவது இன்றைய துருக்கியின் ஊர்ஃபாவுக்கு, எடுத்துப் போய்விட்டார்கள். 373இல் இறந்த எதேசாவின் புனித எப்ரேம் அதைப் பற்றிப் பாடல்கள் இயற்றினார். நான்காம் நூற்றாண்டின் பின்பகுதியில் எகேரியா என்ற பெண் யாத்திரிகர் அங்கே போய்க் கும்பிட்டார். 1144இல் எதேசா துருக்கியர் கையில் விழுந்தபின் எலும்புகள் கிரேக்கத்தின் கியோஸ் தீவுக்குச் சேர்ந்தன. அங்கிருந்து 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனா நகருக்குப் போயின. ஓர்த்தோனாவிலிருந்து ஒரு கை எலும்பு 1953இல் கர்தினால் திஸ்ஸரான் மூலம் கொடுங்கல்லூர் வந்து சேர்ந்தது. கரையிறங்கிய இடத்துக்கே திரும்பி வந்துவிட்டார் என்று கேரளக் கிறிஸ்தவர்கள் கொண்டாடினார்கள்.

✦ ஜூலை 3இல் திருவிழா ஏன்? அவரைச் சிரியாக் மரபினர் அன்றுதான் நினைவுகூர்கிறார்கள். கேரளத்து மலங்கரைக் கிறிஸ்தவர்கள் அதைத் துக்ரானா என்பார்கள். ரோமைத் திருச்சபை டிசம்பர் 21இல் கொண்டாடிவந்தது. 1969ஆம் ஆண்டு நாட்காட்டிச் சீர்திருத்தத்தில் ஜூலை 3க்கு மாற்றிக்கொண்டது. அதற்கு முந்தைய தலைமுறைப் பெரியவர்கள் சிலர் இன்றும் கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரத்தையே தோமையார் திருநாள் என்பார்கள்.

✦ பரங்கிமலைக் கோயிலில் பலிபீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்திருக்கும் கருங்கல் சிலுவையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1547இல் கோயிலுக்கு அடித்தளம் தோண்டும்போது கிடைத்தது. தோமையார் தம் கையாலேயே செதுக்கியது என்பது பக்தர்களின் நம்பிக்கை. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நடந்துகொண்டிருந்தபோது கல்லில் இரத்தம் போலத் துளிகள் கசிந்ததாகப் பதிவு இருக்கிறது. பிறகும் பல முறை அப்படி நடந்ததாகவும் கடைசியாக 1704இல் நடந்ததாகவும் சொல்வார்கள்.

கல்லில் உள்ள சிலுவையின் நான்கு முனையும் மொட்டு விரிந்தாற்போல் இருக்கும். மேலிருந்து ஒரு புறா இறங்குகிறது. சிலுவையைச் சுற்றி வளைவாக ஓடும் எழுத்து தமிழ் அல்ல, வட்டெழுத்தும் அல்ல, கிரேக்கமும் அல்ல. பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்து! 1873இல் ஏ.சி. பர்னல் என்ற அறிஞர் அதைப் படித்து ஒரு பொருள் சொன்னார். அவருக்குப் பிறகு வந்தவர்கள் வேறு வேறாகப் படித்தார்கள். சிலுவையைச் செய்தவருக்காக ஆண்டவரிடம் இரக்கம் கேட்கும் வேண்டுதல் என்பது பிற்கால வாசிப்பு ஒன்று. எழுத்தின் அமைதியைப் பார்த்தால் தோமையாருக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது.

பிந்தியது என்பதால் அதன் மதிப்பு குறையவில்லை. கூடுகிறது என்றே சொல்வேன். போர்த்துகீசியக் கப்பல் இந்தக் கடலுக்கு வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே, பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் இந்தக் குன்றைத் தேடி வந்து வழிபட்டிருக்கிறார்கள். அதற்குக் கல்லே சாட்சி. இதே எழுத்துள்ள சிலுவைகள் கோட்டயம் வலியபள்ளியிலும் கேரளத்தின் வேறு சில கோயில்களிலும் இருக்கின்றன. 1912இல் இலங்கை அனுராதபுரத்தில் தோண்டியபோதும் இதே சாயலில் ஒரு சிலுவை கிடைத்தது. அதில் எழுத்து இல்லை.

✦ 849ஆம் ஆண்டைச் சேர்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேடு வட்டெழுத்தில் இருக்கிறது. வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள், மருவான் சபீர் ஈசோ என்பவர் கட்டிய பள்ளிக்குக் கொடுத்த கொடை அது. சாட்சிகள் கையெழுத்திட்டிருப்பது அரபியிலும் பகலவியிலும் எபிரேய எழுத்திலும். பரங்கிமலைக் கல்லைப் பார்த்து வியப்பவர்கள் இதையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும்.

✦ மலைக்குப் படி கட்டிக் கொடுத்தவர் போர்த்துகீசியரும் இல்லை, ஆங்கிலேயரும் இல்லை. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். யாத்திரிகர்கள் அடையாற்றைக் கடக்கத் தவித்ததைப் பார்த்து, 1726இல் சைதாப்பேட்டையில் சொந்தப் பணத்தில் பாலமும் போட்டார். மர்மலாங் பாலம் என்று அதைச் சொன்னார்கள். அதே இடத்தில் இப்போது இருப்பது மறைமலை அடிகள் பாலம். ஓர் ஊரின் வழியையே ஒரு தனிமனிதர் திறந்துவிட்டிருக்கிறார். அவர் பெயர் சென்னைப் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டும்.

✦ சைதாப்பேட்டைப் பக்கம் உள்ள சின்னமலைக் குகையில் தோமையார் ஒளிந்திருந்தார் என்பது மரபு. பக்கத்துப் பாறையிலிருந்து அவர் வரவழைத்த ஊற்று என்று ஒன்றையும் காட்டுவார்கள். போர்த்துகீசியர் அங்கே கோயில் கட்டியது 1551இல். வட்ட வடிவில் இருக்கும் புதிய கோயில் 1971இல் வந்தது.

✦ புனித பிரான்சிஸ் சவேரியார் 1545இல் சாந்தோமில் சில மாதங்கள் தங்கினார். தோமையாரின் கல்லறைக்கு அருகே செபித்துத் தெளிவு பெற்றபின்தான் மலாக்காவுக்குக் கப்பலேறினார்.

✦ இப்போது நாம் பார்க்கும் வெள்ளைச் சாந்தோம் பேராலயம் போர்த்துகீசியர் கட்டியதல்ல. பழையதை இடித்துவிட்டு 1893இல் தொடங்கி, 1896இல் அர்ச்சித்தார்கள். 1956இல் அதற்கு பசிலிக்கா தகுதி கிடைத்தது. 1986 பிப்ரவரியில் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் வந்து செபித்தார். உலகில் திருத்தூதர் கல்லறைமேல் எழுந்த கோயில்கள் ரோம், கொம்போஸ்தெலா, சாந்தோம் என்ற மூன்றுதான் என்று அடிக்கடி எழுதுவார்கள். ஆனால் அமால்ஃபியில் அந்திரேயாவுக்கும் சலேர்னோவில் மத்தேயுவுக்கும் கல்லறைக் கோயில்கள் இருக்கின்றன. எண்ணிக்கைப் பெருமை இல்லாமலே சாந்தோமுக்குத் தனிப் பெருமை உண்டு.

✦ 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கத் தொடங்கிய அடிக்கோட்டின் ஒரு முனையும் பரங்கிமலைதான்.

✦ இந்திய அஞ்சல்துறை தோமையாருக்கு இரண்டு முறை அஞ்சல்தலை வெளியிட்டிருக்கிறது: 1964இல் ஒன்று, மறைசாட்சி மரணத்தின் 1900ஆம் ஆண்டையொட்டி 1973இல் இன்னொன்று.

✦ தமிழ் மண்ணின் மறைசாட்சிகள் வரிசை அவரோடு நிற்கவில்லை. 1549இல் ராமேசுவரம் அருகே வேதாளையில் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டார். இயேசு சபையின் முதல் மறைசாட்சி அவரே. ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் 1752இல் சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15 அன்று புனிதர் பட்டம் கிடைத்தது. அந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பொதுநிலையினர் அவர்.

✦ பரங்கிமலை, சின்னமலை, சாந்தோம் என்ற மூன்று தலங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கத்திப்பாராவில் இறங்கிப் பரங்கிமலை ஏறுங்கள். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதையும் உண்டு. இறங்கி வந்து பரங்கிமலை மெட்ரோவில் ஏறி, ஆலந்தூரில் மாறினால், கிண்டிக்கு அடுத்த நிறுத்தம் சின்னமலை. அங்கிருந்து சாந்தோமுக்கு பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். மலைக்கோயிலில் கூட்டத்தோடு பார்க்க விரும்பினால் ஜூலை 3, அல்லது மாதா திருவிழாவான டிசம்பர் 18.